வெள்ளைக் கோபுரத்து அந்தி

திருச்சியில் சூரியன் அடிவானத்தைத் தொட்டுவிட்டால் முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதன்பின் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வெளிச்சம் நிற்கும். பிறகு இருட்டுதான். நம் ஊர் 11 பாகைக்கும் குறைவான அட்சரேகையில் இருப்பதால் சூரியன் சாய்ந்து நழுவாமல் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. லண்டனில் கோடையில் இதே அந்தி முக்கால் மணி நேரம் நிற்கும். ஆயில் பெயிண்டிங் பற்றி எனக்கு அன்று படிக்கக் கிடைத்த புத்தகங்கள் அந்த முக்கால் மணி நேரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆற்றங்கரையில் ஈசலை நிறுத்து, பலகையில் வண்ணத்தைப் பிதுக்கு, நிதானமாக ஆரம்பி என்று சொல்லும். ஸ்ரீரங்கத்தில் அப்படி ஆரம்பித்தால் ட்யூப் மூடியைத் திறப்பதற்குள் பாதி வானம் போய்விடும். அதிலும் ஆயில் மிக மெதுவான வண்ணம். பூசியது காய நாள் கணக்கில் ஆகும். நிமிடங்களில் முடிகிற ஒன்றை நாள் கணக்கில் காய்கிற ஒன்றால் எப்படிப் பிடிப்பது? மாஸ்டர் எனக்குக் கற்றுத்தந்தது முழுக்க இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

மேலச் சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி அவர் வீடு. அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தெரு முழுக்க அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். 1991-இல் நான் கல்லூரி மாணவன். இளவயதில் அவர் ஒரு நாடகக் கம்பெனியில் சீன் பெயின்டருக்கு எடுபிடியாக இருந்தவர். காட்டு சீன், தர்பார் சீன், தெரு சீன் என்று பெரிய பெரிய திரைகளுக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சி, பொடி வண்ணம் கரைத்துக் கொடுத்த கை. பிறகு ஓவியத்துக்கான லோயர், ஹையர் பரீட்சைகள் எழுதிப் பள்ளிக்கூட வேலைக்கு வந்தார். ஆயிலை அவருக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. தானே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் கோபப்படாத ஆசிரியர்.

இன்று நம் அரசுப் பள்ளிகளில் ஓவியம் சொல்லித்தருகிறவர்களில் பலர் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஊதியம் பிறகு ஏறியது என்றாலும் பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடி வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை அரைநாள் வேலையாக வைத்திருப்பது பெரிய அநியாயம். மாஸ்டர் முழுநேர ஆசிரியராக இருந்ததால்தான் ஓய்வுக்குப் பிறகும் அவரால் நிம்மதியாக மாடியில் உட்கார்ந்து எனக்குச் சாம்பல் நிறம் குழைக்கக் கற்றுத்தர முடிந்தது.

சாம்பலுக்குப் போகும் முன் துணியைச் சொல்ல வேண்டும். கடையில் கேன்வாஸ் வாங்க அவர் விடவில்லை. காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். நான்கு பக்கமும் நடுவில் அடித்துவிட்டு மூலைகளை நோக்கிப் போனால்தான் சுருக்கம் விழாது. வஜ்ஜிரத்தை முந்தின இரவே ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, இளஞ்சூட்டில் துணிக்குப் பூச வேண்டும். எண்ணெய் நேரே துணியில் இறங்கினால் நாளடைவில் நூலை அரித்துவிடும் என்பதால் இந்தக் காப்பு. அதன் மேல் வெள்ளைப் பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள், மறுபடி பூச்சு. விரல் நுனியால் தடவினால் நெசவு லேசாகத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று இருந்தால் வண்ணம் பிடிக்காது. தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய பசை என்று தெரிந்ததும் அம்மா, "இதெல்லாம் மாடியோட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டார். டர்பன்டைன் நெடியும் சேர்ந்துகொண்டபோது என் தட்டு டம்ளரும்கூட மாடிப்படிக்கு வந்துவிட்டன.

எண்ணெய்த் துணி விஷயத்தில் மாஸ்டர் கறாராக இருந்தார். லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அப்படி இறுகும்போது சூடு பிறக்கும். பிரஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றிவிடும். திருச்சி வெயிலில் கேட்கவே வேண்டாம். துணியை விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகுதான் என்னை வீட்டுக்குப் போக விடுவார்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரே அந்தியைத்தான் வரைந்திருக்கிறோம். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு குடிசை, வானத்தில் நான்கு காக்கை. எனக்கும் கை அதற்குத்தான் பழகியிருந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் அப்படி ஒரு மலையும் இல்லை. தாழ்வான கரை, தென்னந்தோப்பு, வாழைக்கொல்லை, அகண்ட ஆறு, அதற்கு மேல் வானம். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கி முக்கொம்புத் திசையில் இறங்கும். மார்கழியில் தெற்கே நகர்ந்து குடமுருட்டிப் பக்கம் போய்விடும். இது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஸ்ரீரங்கம் தீவில் இருந்தும் சூரியன் எந்த மாதத்தில் எந்த மரத்துக்குப் பின்னால் மறைகிறது என்று கவனித்ததே இல்லை.

தெப்பக்குளத்துப் பக்கம் கடையில் கேம்லின் ட்யூப்கள் வாங்கி வந்தேன். டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், கேட்மியம் ஆரஞ்சு, பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் ப்ளூ. மாஸ்டர் ஆரஞ்சையும் கிரிம்சனையும் எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் குழைத்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். வெள்ளையைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து படி. பழைய அட்டைகளில் கட்டம் கட்டமாக இதையே போட்டுக்கொண்டிருந்தேன். சலித்துப்போய் ஒருநாள், "சார், எப்ப சார் சூரியன்?" என்று கேட்டுவிட்டேன்.

"சூரியன் ட்யூப்லயே இருக்குப்பா. சாம்பல்தான் நீ செய்யணும். சாம்பல் சரியா அமைஞ்சா சூரியன் தானா எரியும்" என்றார்.

அதை அன்று நான் முழுதாக நம்பவில்லை. பிற்காலத்தில் மோனே 1872-இல் வரைந்த, இம்ப்ரெஷனிசம் என்ற பெயருக்கே காரணமான ஓவியத்தைப் பற்றிப் படித்தபோது மாஸ்டர் நினைவுதான் வந்தது. லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சூரிய உதயம். நீலச் சாம்பல் மூட்டத்தில் சின்னதாக ஆரஞ்சு வட்டம், பார்க்கிறவர் கண்ணில் துடிக்கிறது. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடுகிறது. சுற்றியுள்ள மேகமும் அந்த வட்டமும் ஒரே அளவு வெளிச்சம். ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். அந்த வட்டத்தின் துடிப்புக்குக் காரணம் அதிக வெளிச்சம் அல்ல. சாம்பலுக்கு எதிரே நிற்கும் நிறம். கைபேசி உள்ளவர்கள் அந்தப் படத்தை எடுத்து நிறத்தை நீக்கிப் பார்க்கலாம்.

வெள்ளை சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் கூடும் என்று நினைத்து எல்லோரும் சூரியனில் வெள்ளையைக் கொட்டுவார்கள். ஆரஞ்சில் வெள்ளை கலந்தால் ஒளி கூடாது; நிறம் குளிர்ந்து, சாக்பீஸ் பூசிய மாதிரி வெளிறிப்போகும். சுற்றிலும் ஒரு படி இறக்கு என்பதுதான் வழி. இதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் கற்றுக்கொள்வது சிரமம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு ஒரு மாலை மாஸ்டர் என்னை மேற்கே பார்க்க வேண்டாம் என்றார். எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே, கோயில் கூரைகளைத் தாண்டி, வெள்ளைக் கோபுரம் தெரியும். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களில் கிழக்கு வாசலில் நிற்பது அது. படையெடுப்புக் காலத்தில் வெள்ளையம்மாள் என்ற கோயில் நாட்டியப் பெண் எதிரிப் படைத்தலைவனை அதன் உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்றும், அவள் நினைவாகவே வெள்ளை அடித்தார்கள் என்றும் ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். வண்ணம் பூசிய கோபுரத்தில் வெயிலின் நிறத்தைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

"சூரியனப் பாக்காதப்பா. அது கண்ணக் கெடுக்கும், ஒண்ணும் சொல்லாது. கோபுரத்தப் பாரு. அங்க என்ன விழுதோ அதான் அந்தி."

ஐந்தரை மணிக்கு அது வெண்ணெய் நிறம். சூரியன் இறங்க இறங்க மஞ்சள் ஏறியது, பிறகு மஞ்சளுக்குள் செம்மை. அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது நிழல். சுதைச் சிற்பங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள், மாடக்குழிகள், நிலைகளுக்கு அடியில் விழும் கோடுகள் எல்லாம் கறுப்பாகவே இல்லை. வெயில் ஆரஞ்சாக ஆக அவை நீலமாகிக்கொண்டே போயின. நேரடி வெயில் படாத அந்தப் பள்ளங்களில் விழுவது வானத்தின் நீலம் என்று மாஸ்டர் விளக்கினார். நான் குழைத்த குளிர்ந்த சாம்பல் நாலாம் படி அங்கே அப்படியே இருந்தது. அடியிலிருந்து இருட்டு ஏறியது. கீழ் நிலைகள் அணைந்த பிறகும் மேல் நிலைகளில் வெயில் நின்றது. கடைசியாகக் கலசங்களில் மட்டும். அதன்பின் மொத்தக் கோபுரமும் ஒரே சாம்பல்.

ஆனால் அந்த வருஷம் அதோடு முடியவில்லை. சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து வானம் மறுபடி நிறம் கொண்டது. மேற்கே உயரத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு வெளிச்சம் விரிந்து, அணைந்த கோபுரத்தில் மீண்டும் லேசான ரோஜா நிறம் படிந்தது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். ஆவணி, புரட்டாசி மாலைகளில் மேகம் இல்லாத நாளெல்லாம் அது வந்தது. ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் எங்கேயோ இருந்தது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்து, ஏறக்குறைய 2 கோடி டன் சல்ஃபர் டையாக்சைடை வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு ஏற்றிவிட்டது. அது கந்தக அமிலத் துளிகளாக மாறி, சுமார் மூன்று வாரத்தில் வெப்பமண்டலத்தைச் சுற்றி வந்தது. தரையில் இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் இருக்கும் அந்தத் துளிகளுக்குச் சூரியனின் கடைசிச் சிவப்பு கிடைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சிவப்பும் மேல்வானத்தின் நீலமும் சேர்ந்ததுதான் ஊதா. உலகம் முழுக்க அந்திகள் நிறம் மாறின. பூமியின் சராசரி வெப்பம்கூட அரை டிகிரி அளவுக்கு இறங்கியது.

நம் பக்கத்துக்கு இது முதல்முறை அல்ல. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு, செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. அப்போது சென்னையில் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதே நேரத்தில் லண்டனின் செல்சீயில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து அந்திகளை 500-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படங்களாக வரைந்து தள்ளினார். அவர் எடுத்தது ஆயில் அல்ல, பாஸ்டல். உலர்ந்த குச்சி, எடுத்த வேகத்தில் போடலாம். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1888 நவம்பர் 7-இல், எங்கள் தீவிலேயே திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தார். வானத்தின் நீலம் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று இயற்பியல் அறிஞர் ராலே விளக்கியிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, தண்ணீரும் ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டியவர் ராமன். சாயங்காலச் சூரியனின் ஒளி காற்றில் நெடுந்தூரம் வர வேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, நம்மிடம் வந்து சேர்வது சிவப்பு. இந்தப் பாடத்தை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். கோபுர நிழலில் நீலத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஊதாவைப் பிடிக்கத்தான் மாஸ்டர் என் அலிசரினைத் திருப்பிக் கொடுத்தார். ஆற்றங்கரைக்கு ஈசலோடு போவதில்லை என்று முடிவு செய்தோம். ஆடிக்காற்று அடித்தால் அங்கே பலகை நிற்காது. நின்றாலும் ஈர வண்ணத்தில் காவிரி மணல் ஒட்டும், பிறகு விளக்குப் பூச்சி ஒட்டும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கரை, தோப்பு, தண்ணீர், வானம் என்று நாலு கோடு. ஒவ்வொரு இடத்திலும் எழுத்தும் எண்ணும்: 'ஆ2' என்றால் ஆரஞ்சு, இரண்டாம் படி, 'கு4' என்றால் குளிர்ந்த சாம்பல், நாலாம் படி. அட்டையில் மாதக்கணக்கில் போட்ட கட்டங்கள் இதற்குத்தான் என்று அப்போது தெரிந்தது. வானத்தைப் பார்த்த உடனே எண் வரும். ஒரு பொழுதுக்கு ஒரு கணம் மட்டும். கலசத்தில் வெயில் நிற்கும் கணம் என்று எடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படத்தில் சேர்க்கக் கூடாது. பார்த்த எல்லாவற்றையும் ஒரே வானத்தில் அடைத்தால் எந்த நிமிடத்துக்கும் சேராத படம்தான் வரும். காலண்டர் அந்திகளில் நான் காணும் குறை இதுவே.

1792-இல் திருச்சிக்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இப்படித்தான் வேலை செய்தார்கள். மலைக்கோட்டையை நேரில் நின்று வரைந்து குறித்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு வருஷக்கணக்கில் அந்தக் குறிப்புகளை வைத்து அச்சுப் படங்களும் ஆயில் ஓவியங்களும் செய்தார்கள். அதற்கு அடுத்த நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மைக்காத் தகடுகளில் வரைந்து ஆங்கிலேயருக்கு விற்றவையெல்லாம் மனிதர்கள், தொழில்கள், ஊர்வலங்கள். நாயக்கர் காலச் சுவரோவியங்களில் பின்புலம் பெரும்பாலும் ஒரே சிவப்பு. அது பொழுது சொல்லும் சிவப்பு அல்ல. வானத்தின் நேரத்தைப் படமாக்கும் பழக்கம் நமக்கு ஆயிலோடு வந்தது என்று சொன்னால் தவறாகாது என்று நினைக்கிறேன். அதற்காக அது நம்முடையது இல்லை என்று ஆகிவிடாது.

மாடியில் வேலை தொடங்கியது. வெள்ளைத் துணி கண்ணை ஏமாற்றும் என்பதால் முதலில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுதும் ஒரு வாஷ். அது காய்ந்ததும் இருட்டான இடங்கள்: தோப்பு, எதிர்க்கரை. அவற்றையும் மெலிதாகத்தான். "அடியில டர்பன்டைன், மேல எண்ணெய். மாத்திப் போட்டா வெடிச்சுப் போகும்" என்பார். எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாகக் காயும். அதன் மேல் சீக்கிரம் காய்கிற பூச்சு விழுந்தால் அடியில் உள்ளது அசையும்போது மேலே விரிசல் விடும். பிறகு அடிவானத்திலிருந்து மேலே வானம். மஞ்சள் முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில் இரண்டையும் நேரே கலந்தால் பச்சை வந்துவிடும். நடுவில் ஒரு சாம்பலை வைத்து இரு பக்கமும் இழுக்க வேண்டும். ஹாக் ஹேர் பிரஷ்ஷை ஒவ்வோர் இழுப்புக்கும் துடைக்க வேண்டும். தண்ணீரில் வானம் விழும்போது வெளிச்சம் ஒரு படி இறங்கும், இருட்டு ஒரு படி ஏறும். சூரியனின் பாதை ஆற்றில் எப்போதும் நம்மை நோக்கியே நீளும், பக்கவாட்டில் சாயாது. வெளிச்சத்தின் கனமான பூச்சு கடைசியில், ஒரே இழுப்பில், வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தடவினால் செத்துப்போகும்.

நான் முடித்த முதல் அந்தியில் சூரியனே இல்லை. ஆறும் தோப்பும் ஊதா வெளிச்சமும் மட்டும். மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார், கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நேரம் தெரியுது" என்றார். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

மாஸ்டர் இப்போது இல்லை. அந்தப் படம் என் அண்ணன் வீட்டு ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. தோப்பின் இருட்டு அப்படியே இருக்கிறது, சாம்பல்கள் அசையவில்லை, மணலின் ஓக்கர் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. ஊதா மட்டும் வெளுத்துவிட்டது. அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் நிற்காத வண்ணம். தனியாகக் கனமாகப் போட்டால் ஓரளவு தாங்கும், வெள்ளையோடு சேர்த்து மெலிதாகப் பூசினால் வருஷங்களில் மங்கிப்போகும். அந்தியின் ரோஜாவுக்கும் ஊதாவுக்கும் அப்படித்தான் பூச வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆயிலில் அந்தி வரைய ஆசைப்படுகிறவர்கள் காசு கொடுக்கும் முன் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பிக்மென்ட் எண்ணைப் படித்துப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின், வைத்துவிடுங்கள். பி.வி. 19 என்று போட்ட குவினாக்ரிடோன் ரோஸ் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல். நிறம் நிற்கும்.